துவக்கு மிஸ்

ஹீன்தென்ன தோட்டம்,
புளத்கொகுபிட்டிய.
24.03.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். மழை இன்னும் தொடங்காததால் அம்மாவுக்கு ஒரு நாள் தவறாமல் ரப்பர் பால் வெட்டு இருக்கிறது. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால், "அதுபாட்டுக்கு இருக்கு, நான்பாட்டுக்கு இருக்கேன்" என்கிறார். உங்கள் இருமல் எப்படி? புறக்கோட்டைத் துணிக் கடையின் தூசி அதற்கு மருந்தாக முடியாது.

கிரிக்கெட் உலகக் கிண்ணம் கிடைத்ததிலிருந்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் மரத்தில் இருக்கிற ஒட்டுப்பாலை எல்லாம் சுரண்டி உருட்டிப் பந்தாக்கிவிட்டார்கள். நான் படிப்பிக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பதினொரு பேர் இருந்தால் அதில் ஒன்பது பேர் தலைவர்கள்.

ஒரு விசேஷம். எங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. தன் பகுதிப் பாடசாலை அதிபர்களை எல்லாம் அழைத்துப் பேசியிருக்கிறார். கொழும்பில் குண்டு வெடித்ததற்குப் பிறகு இங்கேயும் பள்ளிகளைக் காக்க வேண்டும் என்பது அவர் யோசனை. விரும்புகிற பள்ளிக்குத் தோட்டாக்களோடு ஒரு துவக்கு கொடுப்பார். ஆசிரியர் ஒருவர் பயிற்சி எடுத்துக்கொண்டு, பள்ளி நேரம் முழுவதும் அதைத் தன் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சந்திக்கு அந்தப் பக்கம் உள்ள சிங்களப் பள்ளி அப்போதே கையை உயர்த்திவிட்டது.

எங்கள் சரவணமுத்து அதிபர் திரும்பி வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகுதான் பேசினார். "நான் யாழ்ப்பாணத்தான். துவக்குத் தாங்கோ எண்டு நான் எழுதிக் கேட்டால் துவக்கு வராது, ஜீப்தான் வரும்." கணக்குப் படிப்பிக்கும் கஜேந்திரன் சேர், "கேட்காவிட்டாலும் ஏன் கேட்கவில்லை என்று ஜீப் வரும் சேர்" என்றார். சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எல்லோரும் வீதியைத்தான் பார்த்தோம்.

எனக்கு இது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு துவக்கை வைத்தால் அது தினமும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
தங்கை துஷ்யந்தி


புறக்கோட்டை, கொழும்பு 11
06.04.1996

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். இருமலும் சுகம். இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். மீராசாஹிப் முதலாளி புது வருடத்துக்கு அம்மாவுக்கு என்று ஒரு சேலை தந்தார். ஊருக்கு வரும் பெடியன் கையில் அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்வார். சொன்ன பிறகு அதைத்தான் உடுத்துவார்.

துவக்கு விஷயத்தில் உனக்கு ஏன் இந்தத் தயக்கம்? வாங்குங்கள். இத்தனை வருடம் நம் பள்ளிக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டுக் கிடைக்கவில்லை. துவக்காவது கிடைக்கட்டும். முதலாளியின் மகன் ஹலீம் கேட்கிறான், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் அதைக் காட்டலாமா என்று. நான் அங்கே இருந்திருந்தால் நானே அதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தி வரைக்கும் இரண்டு தடவை நடந்திருப்பேன்.

நீ புத்தகம் அதிகம் வாசிப்பதால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாய். அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல்.

அண்ணன் சதீஸ்


ஹீன்தென்ன
05.05.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சேலை வந்தது. "இது என்னாடா கத்திரிக்காய் கலரு" என்றார் அம்மா. வருடப் பிறப்பன்று அதைத்தான் உடுத்தினார். நாங்கள் சுகம். மழையும் வந்துவிட்டது, அட்டைகளும் வந்துவிட்டன.

நீங்கள் எழுதியதையே பெற்றோர் சங்கக் கூட்டத்திலும் கேட்டேன். சங்கத் தலைவர் முத்துவீரன் அண்ணனை நினைவிருக்கிறதா? தொழிற்சாலையில் ரப்பர் ஷீட் புகை போடுகிறவர், மேடை ஏறினால் இறங்கத் தெரியாதவர். அவர்தான் எழுந்தார். "அந்த இஸ்கூலுக்குக் குடுக்குறான். நமக்கும் தாறேங்குறான். வேணாம்னு சொன்னா, நம்ம புள்ளைங்க உசுரு மட்டம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. இல்ல நம்மள நம்ப மாட்டான்னு நாமளே முடிவு பண்ணின மாதிரி. கேட்டுப் பார்ப்போம். நம்புறானான்னு தெரிஞ்சிரும்ல?"

கைதட்டு விழுந்தது. எனக்கும் தட்டத்தான் தோன்றியது. அவர் துவக்கைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு விளங்கியது.

அம்மாதான் எழுந்து நின்றார். "அந்த ஜே.வி.பி. கொழப்பத்துல பொடியனுங்க துவக்கப் புடுங்க, துவக்கு இருந்த வீட்டத் தேடித்தானே வந்தானுங்க? துவக்கு இல்லாத நம்ம லயத்துப் பக்கம் ஒருத்தனும் வரல்ல. இப்ப எதுக்கு நாமளே வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்?"

"ஒங்க மக டீச்சர்ங்குற பயத்துல பேசுறீங்க இலட்சுமியக்கா" என்றார் முத்துவீரன் அண்ணன்.

"ஆமா, பயந்துதான் பேசுறேன். நீ பயப்படாமப் பேசுறதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

சிரிப்பு அம்மாவுக்கு விழுந்தது, கைகள் முத்துவீரன் அண்ணனுக்கு உயர்ந்தன. அதிபரும் அவர் மனைவி மனோகரி டீச்சரும் யாழ்ப்பாணத்தார் என்பதால் அவர்கள் பெயரைக் கொடுக்கவில்லை. கஜேந்திரன் சேர் பெயர் போயிருக்கிறது. ஒருவருக்கு இருவர் வேண்டும் என்று சொன்னதால் என் பெயரையும் சேர்த்தார்கள். சும்மா பெயருக்குத்தான்.

தங்கை
துஷ்யந்தி


ஹீன்தென்ன
16.06.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் அனைவரும் நலம். அனைவரும் என்றால் அம்மா, நான், புதிதாக வந்து சேர்ந்த பூனை.

முத்துவீரன் அண்ணன் வென்றுவிட்டார். பொலிஸ் விசாரித்தது, நம்பியது, கொடுத்துவிட்டது. சுற்றியுள்ள தோட்டப் பள்ளிகளில் எங்களுக்கு மட்டும்தான். துவக்கு வந்த அன்று அவர் அதைப் பொலிஸ் ஜீப்பிலிருந்து வாங்கித் தலைக்கு மேல் உயர்த்தியபோது, கோயில் தேர் நிலைக்கு வந்தது போல மக்கள் நின்று பார்த்தார்கள். லயத்து வாசல்களில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அதற்கு முன் பொலிஸ் மைதானத்தில் பயிற்சி. வாழைத் தண்டு ஒன்றின் மேல் பால் மா டின் வைத்திருந்தார்கள். கஜேந்திரன் சேர் குறி பார்க்கும்போதெல்லாம் அவர் மூக்குக் கண்ணாடி நழுவியது. முதல் வெடி டின்னுக்கு மேலே போனது. இரண்டாவது, பின்னால் இருந்த வாழைக்குலையில். மூன்றாவது எங்கே போனது என்று ஓ.ஐ.சி.யும் தேடினார். "மாத்தயா, நீங்கள் கணக்கே படிப்பியுங்கள்" என்று தோளில் தட்டினார்.

துவக்கைப் பள்ளி நேரத்தில் ஓர் ஆசிரியர் வைத்திருப்பார். மாலையில் அது தொழிற்சாலை ஆபீஸின் இரும்புப் பெட்டிக்குப் போகும். ஒழுங்கான ஏற்பாடுதான், கவலை வேண்டாம்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. எழுதுங்கள்.

துஷ்யந்தி


ஹீன்தென்ன
23.06.1996

சதீசு, அம்மா பேசுறேன். மனோகரி டீச்சர் எழுதுறாங்க. நல்லா இருக்கியாய்யா? நான் நல்லா இருக்கேன்.

ஒன் தங்கச்சி ஒனக்கு என்னா எழுதுனான்னு வாசிச்சுக் காட்டச் சொன்னேன். வாசிச்சா. கஜேந்திரன் சேரு வாழக்கொலையச் சுட்டதெல்லாம் வந்துச்சு. டின்னு யாரு சுட்டதுன்னு வரவே இல்ல. அதான் நானே எழுத வைக்கிறேன்.

மொத வெடியிலயே டின்னு பறந்துருச்சாம். ரெண்டாவது டின்னும் பறந்துருச்சாம். ஓஐசி மாத்தயா கையத் தட்டி "மிஸ்தான் சரி" அப்புடின்னுட்டாராம். இப்ப ஒன் தங்கச்சிதான் துவக்கோட வகுப்புக்குப் போறா. ஒரு கையில சாக்குக்கட்டிப் பெட்டி, இன்னொரு கையில அது. வீட்டுல ஒரு கரப்பான் பூச்சிய அடிக்க மாட்டா. எனக்கு சிரிப்பும் வருது, சோறும் எறங்க மாட்டேங்குது.

நீ அவளத் திட்டாத. சொல்லாம இருந்தாளே அதுக்கு மட்டும் திட்டு. சேல நல்லா இருக்கு.

அம்மா இலட்சுமி

(அம்மா சொன்னபடியே எழுதினேன், ஒன்றும் திருத்தவில்லை. — மனோகரி)


புறக்கோட்டை
05.07.1996

துப்பாக்கி வீராங்கனைக்கு,

அண்ணன் சதீஸ் பணிவோடு எழுதுவது. நான் நலம். தங்களை நினைத்தாலே இருமல் பயந்து நின்றுவிடுகிறது.

மாட்டிக்கொண்டாயா? அம்மாவுக்குத் தெரியாமல் தோட்டத்தில் ஓர் இலை விழாது என்பதை மறந்துவிட்டாய். கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஹலீம் இனி உன்னைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவானாம். முதலாளி மட்டும், "அந்தப் பிள்ளைக்கு அது பாரமா இருக்காதா?" என்று கேட்டார். இரண்டு மூன்று கிலோதான் இருக்கும் என்றேன்.

உண்மையில் எனக்குப் பெருமைதான். எழுது. இந்த முறை டின்களைச் சேர்த்து எழுது.

சதீஸ்


ஹீன்தென்ன
21.07.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. திட்டாததற்கு நன்றி. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உங்கள் கேலிக்குப் பயந்து அல்ல. டின் பறந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை. துவக்கை வகுப்பு மூலையில், என் மேசைக்குப் பின்னால் சாத்தி வைக்கிறேன். தோட்டாக்கள் என் இடுப்புப் பையில். முதல் வாரம் பிள்ளைகள் அதையே பார்த்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து என்னையும் அதே மாதிரிப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் என் மேசையைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். பென்சில் கூராக்க ஒருத்தி, மூக்குச் சளியோடு ஒருவன், "மிஸ், இவன் என் அழிறப்பரைக் கடிச்சிட்டான்" என்று முறையிட ஒருவன். யாரும் இப்போது வருவதில்லை. இருந்த இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

வகுப்பு அவ்வளவு அமைதி. போன வாரம் வந்த கல்வி அதிகாரி என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். தோட்டத்தில் எனக்குத் 'துவக்கு மிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மூன்று கிலோதான், நீங்கள் சொன்னது சரி. ஆனால் இப்படியே போனால் அந்தப் பிள்ளைகளை நான் இழந்துவிடுவேன். அவர்கள் என் மேசைக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நீங்கள்தான் முதலில் வாங்கச் சொன்னவர். இப்போது ஒரு வழி சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

துஷ்யந்தி


புறக்கோட்டை
17.08.1996

அன்புச் சகோதரி துஷ்யந்திக்கு,

இறைவன் அருளால் தாங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். என்னைத் தாங்கள் பார்த்ததில்லை. நான் ஹலீம், சதீஸ் வேலை செய்யும் கடை உரிமையாளரின் மகன்.

தாங்கள் அவருக்கு எழுதிய கடிதமும், பதில் இல்லையே என்று பிறகு அனுப்பிய தபால் அட்டையும் வந்து மேசையில் கிடக்கின்றன. அதனால் எழுதுகிறேன். ரயிலில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. பொலிஸ் அழைத்துப் போனவர்களில் சதீசும் ஒருவர். வாப்பா மூன்று தடவை போய் வந்துவிட்டார். சதீஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பொலிஸாரே சொல்கிறார்கள். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் தரும் பதிவுத் துண்டில் ஏதோ பிழையாம். அடுத்த வாரம் விட்டுவிடுவார்கள். சாப்பாடு நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நல்ல முறையில் இருக்கிறார், நேற்றுகூடக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

வீட்டுக்கு எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் சத்தியம் செய்யவில்லை. அம்மாவுக்குச் சொல்வதும் சொல்லாததும் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஹலீம்


புறக்கோட்டை
08.09.1996

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? கடையில் வேலை மிகவும் அதிகம். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், சரக்கு வேறு வந்து இறங்கியது. அதனால்தான் எழுத முடியவில்லை. கொஞ்சம் மெலிந்திருக்கிறேன், அது நல்லதுதான்.

உன் துவக்கைப் பற்றி. முன்பு நான் விளையாட்டாக எழுதிவிட்டேன்.

இங்கே ஒரு காவல்காரப் பையனைக் கண்டேன். குருநாகல் பக்கத்துப் பையன், என்னைவிட வயது குறைவு. மிகவும் நல்லவன். கிரிக்கெட் கதைத்தான். தன் பிளேன்டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தான். ஆனால் பார், அவன் முகத்தை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவன் மடியில் கிடந்த துவக்கின் வாய்தான் ஞாபகம் வருகிறது.

உன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு உன் முகத்தை மறந்துவிடக் கூடாது. எப்படியாவது அதைத் திருப்பிக் கொடு. வழி எனக்குத் தெரியவில்லை. நீதான் புத்தகம் வாசிக்கிறவள்.

அம்மாவிடம் நான் கொழுத்திருக்கிறேன் என்று சொல்.

சதீஸ்


ஹீன்தென்ன
22.09.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டதும் எங்கள் உடல்நலம் நன்றாகிவிட்டது. கடையில் வேலை அதிகம் என்று நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "வேல இருந்தா நல்லதுதானே" என்றார். நீங்கள் கொழுத்திருப்பதையும் சொன்னேன். இந்தப் பார்சலில் இருப்பது எள்ளுருண்டை. ஹலீமுக்கும் அவர் வாப்பாவுக்கும் கட்டாயம் கொடுங்கள். நிறையக் கொடுங்கள்.

அதிபரிடம் போய், துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிள்ளை, கேக்காமல் விட்டிருந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம். வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுத்தால் 'ஏன்' எண்டு கேப்பினம். தமிழ்ப் பள்ளிக்கூடம் எண்டால் அந்த 'ஏன்' கொஞ்சம் நீளமாய் வரும்." பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.

முத்துவீரன் அண்ணனிடம் போனேன். "டீச்சர், இத்தன தோட்டத்துல நமக்கு மட்டும் கெடச்சது. அதக் கொண்டுபோய்க் குடுன்னா என் கை வராது" என்றார். அதுவும் எனக்கு விளங்குகிறது. ஒருவர் பயத்திலும் ஒருவர் கௌரவத்திலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மேசைப் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. முந்தாநாள் ஒருவனைக் கூப்பிட்டுச் சும்மா ஒரு ரொபி இனிப்புக் கொடுத்தேன். எட்டி நின்று கையை நீட்டி வாங்கினான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெய்யாகவே.

துஷ்யந்தி


ஹீன்தென்ன
27.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் சுகம் சுகம். முதலில் உட்காருங்கள், பிறகு வாசியுங்கள்.

பள்ளியில் சரஸ்வதி பூசை. புத்தகங்கள், ஹார்மோனியம், பூகோள உருண்டை எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தோம். தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கும் பால் கத்திகளுக்கும் ஆயுத பூசை போட்டு முடித்த கையோடு, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக முத்துவீரன் அண்ணன் உள்ளே நுழைந்தார்.

"துவக்கு எங்க டீச்சர்?"

"அது எதற்கு?"

"என்னா இப்புடிக் கேக்குறீங்க? பால் கத்திக்கு வச்சோம், கவ்வாத்துக் கத்திக்கு வச்சோம், லொறிக்கு வச்சோம். தோட்டத்துலயே பெரிய ஆயுதம் அது. அதுக்கு வைக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

தோட்டாக்களை எடுத்து அதிபர் அலுமாரியில் பூட்டிவிட்டுத் துவக்கைக் கொடுத்தேன். அவர் அதற்கு வஞ்சகம் இல்லாமல் செய்தார். அடியிலிருந்து நுனி வரை சந்தனம். குங்குமப் பொட்டு. செவ்வந்தி மாலை. ஹார்மோனியத்தில் சாய்த்து வாய் மேலே பார்க்க நிறுத்தியபோது, ஊதுபத்தி குத்துவதற்கு வாழைப்பழம் இல்லை என்பது தெரிந்தது. பழம் முழுவதும் தொழிற்சாலைப் பூசைக்குப் போய்விட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மிச்சமிருந்த சந்தனத்தைக் கெட்டியாகப் பிசைந்து குழலின் வாயில் அடைத்தார். அதில் ஒரு பிடி ஊதுபத்தியைக் குத்தினார். கஜேந்திரன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதிபர் பார்க்கவே இல்லை. சாமிக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாதல்லவா, அன்று மட்டும் அதை இரும்புப் பெட்டிக்கு அனுப்பாமல் அறையைப் பூட்டினோம்; அது அப்படியே புகைந்துகொண்டு இருந்தது.

விஜயதசமிக் காலையில் ஏடு தொடக்கினோம். சின்னப் பிள்ளைகளை ஆசிரியர்கள் மடியில் வைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்து எழுதிப் பழக்குவது. முத்துவீரன் அண்ணன் தன் கடைக்குட்டி கிருஷ்ணகுமாரியைப் பட்டுப் பாவாடையோடு தூக்கிக்கொண்டு வந்தார். என் கையால்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. விசேஷ விருந்தினராக ஓ.ஐ.சி.யும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற துவக்கைப் பார்த்தாள். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"போம்மா, மிஸ் மடியில ஒக்காரு."

"துவக்கு மிஸ் வேணாம்."

"அடச்சீ, மிஸ் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"பிழையா எழுதுனா சுட்டுப்போடும்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களும் இத்தனை நாள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் மடியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதுவிடக் கூடாது என்று அரிசியையே பார்த்தேன்.

முத்துவீரன் அண்ணன் பிள்ளையை மனைவியிடம் கொடுத்தார். நேரே ஓ.ஐ.சி. முன்னால் போய் நின்றார். அவர் பேசியது சிங்களத்தில். அந்தத் தோரணையோடு அதை எனக்கு எழுதத் தெரியாது. "மாத்தயா, நீங்க எங்களையும் நம்பித் தந்தீங்க. அந்தக் கௌரவம் கெடச்சாச்சு. அது எங்ககிட்டயே இருக்கட்டும். துவக்க நீங்க எடுத்துட்டுப் போங்க."

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் எழுந்தேன். யாராவது ஒருவர் அந்த 'ஏன்'-க்குப் பதில் சொல்ல வேண்டுமே. "சேர், எனக்குக் குறி தவறாது. ஆனால் அது இருந்தால் பிள்ளைகள் என் பக்கத்தில் வருவதில்லை. பக்கத்தில் வராத பிள்ளைக்கு என்னால் படிப்பிக்க முடியாது" என்றேன். என் சிங்களம் நடுங்கியது.

ஓ.ஐ.சி. எழுந்து படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டார். பிறகு துவக்கைப் பார்த்தார். குனிந்து குழலின் வாயைப் பார்த்தார். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள் சந்தனத்தில் இறுகிப்போயிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"இதை யார் செய்தது?"

"நான்தான் மாத்தயா. வாழப்பழம் இல்ல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அடுத்த ஜீப் எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "துவக்கு பழுது. திருத்தவே முடியாத பழுது என்று எழுதுகிறேன். பிறகு யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்." ஒரு தட்டுக் கடலையும் வாங்கிக்கொண்டு, மாலையோடு அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது பெற்றோர் முறை வைத்துக் கேட்டில் காவல் இருக்கிறார்கள். முதல் முறைக்கு அம்மா போனார். அதிபரின் பையையே சோதித்தாராம்.

ஜீப் போன பிறகு கிருஷ்ணகுமாரி வந்து என் மடியில் உட்கார்ந்தாள். 'அ'வைத் தலைகீழாக எழுதினாள். மறுநாள் என் வகுப்பில் அவ்வளவு சத்தம். பக்கத்து வகுப்பிலிருந்து மனோகரி டீச்சர் வந்து, "என்ன பிள்ளை, சந்தையே வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி ஆறு பேர் நின்றதால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் மெலிந்திருந்தாலும் சரி, கொழுத்திருந்தாலும் சரி, தீபாவளிக்கு வாருங்கள். பதிவுத் துண்டைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

துஷ்யந்தி


ஹீன்தென்ன
05.11.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை பஸ்ஸில் வருவதாக எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மா அன்று முதல் நல்ல சுகமாக இருக்கிறார். அதாவது, என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார். ஹலீம் எழுதியதை எப்போதோ வாசித்துவிட்டேன் என்று நீங்கள் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. அவ்வளவு எள்ளுருண்டை யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் வந்து, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அம்மாவே உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

இந்தக் கடிதம் நீங்கள் புறப்படுவதற்கு முன்னால் வந்து சேருமோ தெரியாது. நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சந்திக்கு அந்தப் பக்கத்துச் சிங்களப் பள்ளியின் அதிபர் ஹேரத் மாத்தயா பள்ளி விட்ட பிறகு குடையோடு வந்தார். அதிபரும் நானும் முத்துவீரன் அண்ணனும் இருந்தோம். தேநீர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார். போக எழுந்து, வாசல் வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் பள்ளியிலும் அதே கதைதானாம். துவக்கு வைத்திருக்கும் விளையாட்டு ஆசிரியரோடு யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அந்தக் கட்டடத்துக்கே போக மாட்டேன் என்று அழுகிறது. "நாங்கள் முதலில் கையை உயர்த்தியவர்கள். இப்போது திருப்பிக் கொடுத்தால் பயந்துவிட்டோம் என்பார்கள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கள் உங்கள் துவக்குக்கு ஒரு பூசை செய்தீர்களாமே. எங்கள் துவக்குக்கும் அதைச் செய்து தர முடியுமா?"

முத்துவீரன் அண்ணன் எவ்வளவு வருத்தப்பட்டார் தெரியுமா? "நவராத்திரி முடிஞ்சிருச்சே மாத்தயா. இனி அடுத்த வருசந்தான்" என்றார். ஹேரத் மாத்தயாவின் முகம் வாடிவிட்டது. குடையை எடுத்தார்.

அவர் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார். முத்துவீரன் அண்ணன் என் காதருகில் வந்து கேட்கிறார்: "டீச்சர், தீபாவளிக்கு அதுக்கு எண்ண தேச்சுத் தல முழுக வச்சா என்னா?"

நல்லெண்ணெய் துவக்குக்கு நல்லது, சீயக்காய்தான் கெடுக்கும் என்கிறார் கஜேந்திரன் சேர். அதனால் வரும்போது புறக்கோட்டையில் நல்ல சீயக்காய்த் தூளாகப் பார்த்து வாங்கி வாருங்கள். வீட்டுக்கு ஒரு பைக்கற், ஹேரத் மாத்தயாவுக்கு இரண்டு.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தங்கை துஷ்யந்தி